வீட்டுப் பராமரிப்பின் தரத்தை யாரிடம் கேட்பது?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் தரத்தை அறிய வேண்டுமானால், ஆய்வாளர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விடிகாலையிலேயே அதன் வாசலில் போய் நிற்கலாம். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாடையும், சாப்பாட்டு மேசையில் ஊட்டிவிடுகிறவர் காட்டும் பொறுமையும், அழைப்பு மணி எவ்வளவு நேரம் கவனிப்பாரின்றி ஒலிக்கிறது என்பதும், ஒரு கோப்பைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பி உதவும் வீட்டுப் பராமரிப்புச் சேவையை ஆராயப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அந்தச் சேவையின் பதிவு செய்யப்பட்ட முகவரி பெரும்பாலும் ஒரு சிறிய அலுவலகம். அங்கே கணினிகளும் கோப்புகளும் ஓயாமல் அடிக்கும் தொலைபேசியும் இருக்கும். பராமரிக்கப்படுகிறவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மருந்து கொடுப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் நகரெங்கும் சிதறிக்கிடக்கும் வீடுகளில், அநேகமாக இரண்டே பேர் இருக்கிற அறையில், வேறு எவர் கண்ணிலும் படாமல் நடந்து முடிந்துவிடுகின்றன.

சட்டமும் இந்தக் கதவை மதிக்கிறது. இங்கிலாந்தின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சேவைகளை மேற்பார்வை செய்யும் கேர் குவாலிட்டி கமிஷன், அதாவது சி.கியூ.சி., 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாக்கப்பட்டு 2009 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. சேவை நடக்கும் இடங்களுக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்குள் அவருடைய சம்மதம் இல்லாமல் அவர்கள் கால் வைக்க முடியாது. அது சரிதான் என்றே நினைக்கிறேன். நோயில் விழுந்தவருக்கும் தன் வீட்டு வாசலில் யார் நிற்கலாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். ஆனால் இதனால் ஆய்வின் தன்மையே மாறிவிடுகிறது. மேலாளர் அலுவலகத்தில் இருப்பதை உறுதிசெய்வதற்காக நிறுவனத்துக்கு வழக்கமாக 48 மணி நேரம் வரை முன்கூட்டியே அறிவிப்பார்கள், ஆய்வாளர் கோப்புகளைப் பார்ப்பார், ஊழியர்களுடன் பேசுவார், சம்மதம் தந்த சில வீடுகளுக்குப் போவார். மற்றவர்களிடம் தொலைபேசியில் கேட்டறியப்படும்.

அப்படித் தொலைபேசியில் கேட்பவர்களில் நானும் ஒருத்தி. சி.கியூ.சி. ஆய்வுகளில், பராமரிப்பை நேரில் பெற்றவர்களையும், குடும்பத்தில் ஒருவரைப் பராமரித்தவர்களையும் 'அனுபவ வல்லுநர்கள்' என்ற பெயரில் சேர்த்துக்கொள்வார்கள். மறதிநோயோடு வாழ்ந்த என் மாமியை, என் கணவரின் தாயாரை, லண்டனில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்த ஆண்டுகள்தான் எனக்கு இந்தத் தகுதியைத் தந்தன. ஆய்வாளர் அலுவலகத்தில் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், நான் வீட்டிலிருந்தபடி சேவை பெறுகிறவர்களையும் அவர்களது உறவினர்களையும் ஒவ்வொருவராக அழைப்பேன். அவர்கள் சொல்வதைக் குறித்து அனுப்புவேன். அது ஆய்வறிக்கைக்குள் போய்ச் சேரும்.

இந்த வேலையில் நான் உறுதியாக அறிந்துகொண்ட ஒன்று உண்டு. 'உங்களை நன்றாகப் பார்க்கிறார்களா?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையால் எந்தப் பயனும் இல்லை. ஏறத்தாழ எல்லோரும் 'நன்றாகப் பார்க்கிறார்கள்' என்றே சொல்வார்கள். அது பொய் அல்ல. காலையில் படுக்கையிலிருந்து எழுப்ப வருகிறவள் ஒருத்திதான் என்றால், அவளைப் பற்றிக் குறை சொல்வது தன் காலையையே பணயம் வைப்பதாகும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்மவர்களிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்கு வந்து உதவி செய்கிற பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரிடம் குறை சொல்வது தகாது என்று எண்ணும் தலைமுறை அது. தமிழ் மூதாட்டி ஒருவரை அழைத்து, நான் தமிழில் பேசியதும் அவர் மகிழ்ந்து, "அந்தப் பிள்ளையள் நல்லாத்தான் பாக்குதுகள், குறை சொல்ல ஒண்டுமில்லை" என்றார். அடுத்த மூச்சிலேயே, "பாவம், அதுகளுக்கு எத்தினை வீடு, ஓடி ஓடித்தான் வருதுகள்" என்று சேர்த்துக்கொண்டார். ஆய்வுக்கு வேண்டிய செய்தி இரண்டாவது வாக்கியத்தில்தான் இருந்தது.

ஆகவே நான் கருத்தைக் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறேன். இன்று காலை வந்தவரின் பெயர் தெரியுமா, அவர் முன்பு வந்தவரா, எத்தனை மணிக்கு வந்தார், நேற்று எத்தனை மணிக்கு, வந்தவுடன் முதலில் என்ன செய்தார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தேநீர் குடித்து முடிக்கும்வரை அவர் இருந்தாரா, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள், குளிப்பது என்றால் ஷவரா அல்லது ஈரத்துணியால் துடைப்பதா. இப்படிக் கேட்கும்போது ஒருவரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது; ஆனால் கேட்பவருக்கு அந்த வீட்டின் காலைப்பொழுது கண்முன் வந்துவிடும். மகளோ மருமகளோ தொலைபேசியை வாங்கித் தாங்களே விடை சொல்லத் தொடங்கினால், அவர்களையும் பிறகு கேட்பேன். ஆனால் முடிந்தவரை அந்த முதியவரின் வாயாலேயே கேட்க முயல்வேன். மறதிநோய் முற்றியவர்கள் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை இழந்து பிள்ளைப் பருவத்து மொழிக்குத் திரும்பிவிடுவதுண்டு. அத்தகைய ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, 'பதிலளிக்க இயலாதவர்' என்று எழுதிவைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

அலுவலகத்தில் இருக்கும் ஆவணங்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேர் பிளான் இருக்கும். என்ன உதவி, எப்படி, எந்த நேரத்தில் என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் கேரர், அதாவது வீட்டுக்கு வந்து பராமரிக்கும் பணியாளர், எழுதும் நாட்குறிப்பு இருக்கும். மருந்து கொடுத்ததைக் கையெழுத்திட்டுப் பதியும் 'மார் சார்ட்' இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கேரர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பணி அட்டவணையான ரோட்டா இருக்கும். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் கேரர் வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார். முன்பு வாடிக்கையாளரின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஓர் இலவச எண்ணை அழைத்துப் பதிவு செய்வார்கள். கேர் பிளான் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் நான் அதை இரண்டாவதாகத்தான் மதிப்பேன். உண்மை இருப்பது ரோட்டாவையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான்.

ஒரு கேரர் 8.30க்கு ஒரு வீட்டில் வேலை முடித்து அதே 8.30க்கு அடுத்த வீட்டில் தொடங்க வேண்டும் என்று ரோட்டா சொன்னால், அந்த நிறுவனம் இரண்டு வீடுகளுக்கும் இடையே தூரமே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறது என்று பொருள். பேருந்தில் போக இருபது நிமிடம் ஆகும் என்றால் அந்த இருபது நிமிடத்தை யாராவது இழந்தாக வேண்டும். முதல் வீட்டில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவார், இரண்டாவது வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போவார், அல்லது தன் சொந்த நேரத்தை ஊதியமில்லாமல் கொடுப்பார். வருகைகளை நெருக்கி அடுக்குவதைக் 'கால் கிராமிங்' என்றும், ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களைக் கிள்ளி எடுப்பதைக் 'கால் கிளிப்பிங்' என்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போகும் பயண நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரமாகச் சேர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ரோட்டாவில் பயண நேரம் காணாமல்போனால் அங்கே முதியவரோடு சேர்த்து ஊழியரும் வஞ்சிக்கப்படுகிறார்.

நேரம் தவறுவது வெறும் வசதிக்குறைவு என்று நினைப்பவர்களுக்கு மருந்து அட்டவணையைக் காட்ட வேண்டும். பாராசிட்டமோல் மாத்திரையின் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு வர வேண்டிய காலை வருகை பத்தரைக்கு நடந்து, மதிய வருகை பன்னிரண்டுக்கே வந்துவிட்டால், மூட்டுவலியில் துடிப்பவருக்கு அந்த மதியத்து மாத்திரை கிடைக்காது. அல்லது கொடுக்கக்கூடாத நேரத்தில் கொடுக்கப்படும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா தாமதமானால் அந்த மனிதரால் கட்டிலில் திரும்பிப் படுக்கவோ விழுங்கவோகூட முடியாமல் போகலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு காலை உணவுக்குக் காத்திருக்கும் நீரிழிவு நோயாளிக்குக் கேரர் வரத் தாமதமாவது உயிருக்கே ஆபத்து. படுக்கையிலிருந்து ஹோயிஸ்ட் என்ற தூக்கும் கருவியை வைத்துத் தூக்க வேண்டியவருக்கு இரண்டு கேரர்கள் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஒருவர் வந்து மற்றவருக்காகக் காத்திருந்துவிட்டுப் போவதும், அதைவிட மோசமாக ஒருவரே தனியாகத் தூக்க முயல்வதும், பதிவுகளை ஒப்பிட்டால் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டிலேயே இதைக் கண்டேன். எங்கள் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் ஏற்பாடு செய்த ஒரு நிறுவனத்திலிருந்து மாமிக்கு நாளுக்கு நான்கு முறை ஆட்கள் வந்தார்கள். ஹாலில் வைக்கப்பட்டிருந்த நாட்குறிப்பில் ஒவ்வொரு வருகைக்கும் ஏறத்தாழ ஒரே வாசகம் எழுதப்பட்டிருந்தது: உடல் பராமரிப்பு செய்யப்பட்டது, உணவு கொடுக்கப்பட்டது, வசதியாக விட்டு வந்தேன். மாமி காலை உணவைத் தொடாமல் தள்ளிவைத்த நாளிலும் அதே வாசகம்; குளியலறையில் வழுக்கி முழங்கையில் நீலம் பாரித்திருந்த நாளிலும் அதே வாசகம். அவருக்குப் பழக்கமில்லாத முகங்கள் மாறி மாறி வந்தன. புதிய ஒருத்தி உடையைக் கழற்ற முயலும்போது அவர் பயந்து கையைத் தட்டிவிடுவார். 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று எழுதப்படும். அவருக்குத் தெரிந்த ஒரு கேரர், கேரளத்திலிருந்து வந்த இளம்பெண், முதலில் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, பிறகுதான் குளியலறைப் பக்கம் கூட்டிப்போவார். அந்த நாட்களில் மறுப்பு என்பதே இருந்ததில்லை. அந்த ஐந்து நிமிடம் எந்த கேர் பிளானிலும் இல்லை, எந்த நாட்குறிப்பிலும் இல்லை. அந்தப் பெண்ணையே எப்போதும் எங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டபோது, ரோட்டாவில் இடமில்லை என்றார்கள். அந்த நிறுவனத்துக்கு அப்போது சி.கியூ.சி. தந்திருந்த தரநிலை 'நன்று'.

அந்தத் தரநிலை எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 முதல் சேவைகள் ஐந்து கேள்விகளின் அடிப்படையில் மதிப்பிடப்படுகின்றன: சேவை பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, தேவைக்கு ஏற்ப நடந்துகொள்கிறதா, நன்கு நிர்வகிக்கப்படுகிறதா. விடைகளைச் சேர்த்து 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்ற நான்கில் ஒன்று வழங்கப்படும். கண்ணியம், சம்மதம், உணவு, பாதுகாப்பு, முறைப்பாடுகளைக் கையாளுதல் முதலியவற்றுக்கு 2014ஆம் ஆண்டின் விதிகள் அடிப்படைத் தரங்களை வகுத்திருக்கின்றன. இவற்றில் குறை காண என்னிடம் எதுவும் இல்லை. கேள்விகள் நல்ல கேள்விகள். குறை இருப்பது, அவற்றுக்கான விடை எப்போது, யாரால், எந்தச் சான்றை வைத்துக் காணப்பட்டது என்பதில்.

2024இல் மருத்துவர் பென்னி டாஷ் தலைமையில் அரசு நடத்திய மீளாய்வு சி.கியூ.சி.யின் செயல்பாட்டையே கடுமையாகக் கண்டித்தது. பதிவு செய்யப்பட்ட சேவைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒருபோதும் தரநிலையே வழங்கப்பட்டிருக்கவில்லை. சிலவற்றின் தரநிலை பத்து ஆண்டுகள் பழையதாக இருந்தது. மறதிநோய் உள்ள ஒருவரைக்கூடச் சந்தித்திராத ஒருவர் முதியோர் இல்லத்தை ஆய்வு செய்ததாகவும் அந்த மீளாய்வுக்குச் சொல்லப்பட்டது. வீட்டுப் பராமரிப்பில் பழைய தரநிலை என்பது ஏறத்தாழ பொருளற்றது. ஓர் இல்லத்தில் கட்டடமாவது அப்படியே இருக்கும். வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் என்பது அதன் ஆட்கள் மட்டுமே. மேலாளர் மாறி, ஒருங்கிணைப்பாளர் மாறி, பாதி ஊழியர்கள் விலகிவிட்ட பிறகு, அதே பெயர்ப்பலகைக்குக் கீழே இருப்பது வேறொரு நிறுவனம். ஆகவே தரநிலையைப் பார்க்கும் எவரும் முதலில் அதன் தேதியைப் பார்க்க வேண்டும்.

ஆய்வில் ஊழியர்களையும் கேட்கிறார்கள். அங்கேயும் மௌனம் உண்டு. அதன் காரணம் வேறு. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கான விசா வழி திறக்கப்பட்டபோது இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஏராளமானோர் வந்தார்கள்; அவர்களில் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்தவர்களும் உண்டு. தரகர்களுக்குப் பெருந்தொகை கொடுத்துக் கடனோடு வந்து இறங்கியவர்கள் பலர். அவர்களுடைய விசா அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டது. நிறுவனம் அவர்களை நீக்கினாலோ, வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அதற்கிருக்கும் அனுமதியே ரத்தானாலோ, வேறு நிறுவனம் தேடிக்கொள்ள அவர்களுக்குக் கிடைப்பது குறுகிய அவகாசம்தான். 2024 மார்ச் முதல் அவர்கள் குடும்பத்தினரை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. இந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம், 'உங்கள் மேலாளர் உங்களுக்கு ஆதரவாக இருக்கிறாரா?' என்று கேட்டால் என்ன விடை வரும்? பயண நேரத்துக்கு ஊதியம் கிடைக்கிறதா என்று ஒரு கேரரிடம் கேட்பது, முதியவரின் நலனுக்கு வெளியே உள்ள தொழிலாளர் பிரச்சினை என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பயந்து வேலை செய்கிற ஒருவர், நேற்று ஒரு மாத்திரையைத் தவறவிட்டேன் என்று தானாக முன்வந்து சொல்லமாட்டார். தவறு சொல்லப்படாத இடத்தில் பாதுகாப்பு என்ற ஒன்று இருக்கவும் முடியாது.

இதில் கவுன்சில்களின் பங்கையும் மறைக்கக்கூடாது. பராமரிப்பை விலைக்கு வாங்குகிறவர்கள் அவர்கள், நிமிடக்கணக்கில் வாங்குகிறார்கள். 2011இல் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் வீட்டுப் பராமரிப்பில் முதியோரின் மனித உரிமைகள் பற்றி நடத்திய விசாரணையே மிகக் குறுகிய வருகைகளால் வரும் கேட்டைச் சுட்டிக்காட்டியிருந்தது. 2015இல், சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் என்ற தேசிய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், அரை மணி நேரத்துக்குக் குறைந்த வருகைகள் எப்போது ஏற்புடையவை என்று வரையறுத்தது: போகிறவர் அந்த முதியவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அந்த வருகை ஒரு பெரிய பராமரிப்பு ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு சிறு வேலையை முடிக்கவோ நலமாக இருக்கிறாரா என்று பார்க்கவோ அந்த நேரம் போதுமானதாக இருக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. ஆனாலும் எழுந்து நடக்கச் சிரமப்படும் ஒருவரைக் கழுவி, உடுத்தி, உணவு கொடுத்து, மருந்தும் கொடுத்து முடிக்கப் பதினைந்து நிமிடம் என்று எழுதப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றித் தொலைபேசியில் இன்னமும் கேட்கிறேன்.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு நிறுவனத்தைப் பற்றியும் இரண்டு எண்கள் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக எத்தனை வெவ்வேறு கேரர்கள் போனார்கள் என்பது ஒன்று. திட்டமிட்ட நிமிடங்களில் எத்தனை நிமிடம் உண்மையில் அந்த வீட்டில் செலவிடப்பட்டது என்பது மற்றொன்று. மின்னணுப் பதிவு வைத்திருக்கும் நிறுவனங்களிடம் இந்த எண்கள் ஏற்கெனவே கணினியில் கிடக்கின்றன. புதிதாக எவரும் எதையும் எழுத வேண்டியதில்லை. செயலியை ஏமாற்றவும் வழிகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வீடுகளில் தொலைபேசியில் கேட்டறிவது நிற்கக்கூடாது என்கிறேன். பதிவும் முதியவரின் நினைவும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் ஆய்வாளர் தோண்டத் தொடங்க வேண்டும். மேலாளர் அந்தத் தாமதங்களைத் தாமே கண்டுபிடித்திருந்தாரா, கண்டபின் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய்க் கேரரின் வேலையைப் பார்க்கும் 'ஸ்பாட் செக்' நடந்ததாக எழுதியிருந்தால், அது காலை ஏழு மணிக்கு நடந்ததா, அலுவலக ஆட்களுக்கு வசதியான பிற்பகல் மூன்று மணிக்கு நடந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

குடும்பங்களுக்கும் சில செய்திகள் தெரிந்திருப்பது நல்லது. வீட்டுச் சேவைகளில், குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்றவற்றுக்கு உதவும் உடல் பராமரிப்புதான் சி.கியூ.சி.யின் வரம்புக்குள் வரும். வீட்டைச் சுத்தம் செய்வதும் கடைக்குப் போய்வருவதும் மட்டும் என்றால் வராது. பராமரிப்பை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளக் கவுன்சில் தரும் நேரடிப் பணத்தைக் கொண்டு தெரிந்த ஒருவரை நீங்களே வேலைக்கு அமர்த்தினாலும் பொதுவாக வராது. நம்மவர்கள் பலர் மொழிக்காகவும் சாப்பாட்டுக்காகவும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் மேற்பார்வையும் அவர்கள் பொறுப்பே. நிறுவனம் வைத்திருக்கும் வருகைப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பராமரிக்கப்படுகிறவருக்கு உண்டு. அவர் சம்மதித்தாலோ, அவருக்கான சட்டபூர்வ அதிகாரம் உங்களிடம் இருந்தாலோ அவர் சார்பில் நீங்களும் கேட்கலாம். வழக்கமாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கவுன்சில் அனுப்பும் கட்டணப் பட்டியலை அதோடு வைத்து ஒப்பிடுங்கள்.

முறைப்பாட்டை முதலில் நிறுவனத்திடமோ, ஏற்பாடு செய்த கவுன்சிலிடமோ எழுத்தில் கொடுக்க வேண்டும். சி.கியூ.சி. தனிப்பட்ட ஒருவரின் முறைப்பாட்டை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அமைப்பு அல்ல. ஆனாலும் அங்கே சொல்லிவைப்பது வீண் அல்ல. அடுத்து எந்த நிறுவனத்தை ஆய்வு செய்வது என்று முடிவெடுக்கும்போது அந்தச் செய்திகளைப் பார்க்கிறார்கள். கிடைத்த பதில் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலை அதிகாரியான உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சொந்தப் பணத்தில் பராமரிப்பை வாங்குகிறவர்களும் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பொதுவாக, குறை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் அங்கே போய்விட வேண்டும்.